எலி ஏறக்கூடாத தீவு

நேயர்களுக்கு வணக்கம். மழைக்காடு என்றதும் வியர்த்துக் கொட்டும் காடுதான் நம் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போக வேண்டிய மழைக்காடு. நியூசிலாந்தின் தென்கோடியில் ஸ்டூவர்ட் தீவு இருக்கிறது. அதன் உட்கடலில் உல்வா என்றொரு குட்டித் தீவு. ஏறக்குறைய 270 ஹெக்டேர்தான். ஓபன் என்ற ஊரிலிருந்து ஒரு மேட்டை ஏறி இறங்கினால் படகுத்துறை. அங்கிருந்து பத்து நிமிடம் படகில் போனால் உல்வா.

படகில் ஏறும் முன் பையைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே எலி இருக்கக்கூடாது. ஆமாம், எலிதான். ஒரே ஒரு சினை எலி போதும், அந்தத் தீவு கெட்டுவிடும். மனிதர் கால் வைப்பதற்கு முன் நியூசிலாந்தில் கடலில் வாழாத பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். அதனால் அங்குள்ள பறவைகளுக்கு எலியைக் கண்டு பயப்படவே தெரியாது. முட்டை, குஞ்சு, அடைகாக்கும் தாய் எல்லாமே எலிக்கு இரை.

தியெகே என்று ஒரு பறவை. கருத்த உடல், முதுகில் செம்பழுப்புப் பட்டை, அலகோரம் ஆரஞ்சு நிறத் தொங்கு தசை. தெற்குத் தீவு இனத் தியெகே கடைசியில் ஸ்டூவர்ட் தீவுக்குப் பக்கத்துத் தீவு ஒன்றில் மட்டுமே மிஞ்சியிருந்தது. 1960களில் அங்கேயும் எலி ஏறிவிட்டது. 1964இல் வனவிலங்குத் துறையினர் அவசரமாகப் போய் 36 பறவைகளைப் பிடித்து, எலி இல்லாத வேறு தீவுகளில் விட்டார்கள். வெறும் 36! இன்று உயிரோடு இருக்கும் அந்த இனம் முழுவதும் அவற்றின் வாரிசுகள். அதே எலிப் படையெடுப்பில் புதர்க் குருவி ஒன்றும் உள்ளான் வகை ஒன்றும் பூண்டோடு போயின. அவற்றை இனி யாரும் பார்க்க முடியாது.

உல்வாவில் 1990களில் எலிகளை ஒழித்தார்கள். பிறகுதான் தியெகேயைக் கொண்டுவந்து விட்டார்கள். 2010 கடைசியில் மறுபடி எலி தென்பட்டது. அடுத்த ஆண்டு இன்னொரு முறை விஷத்தீனி போட வேண்டியதாயிற்று. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், பையைப் பாருங்கள்.

பார்த்தாயிற்றா? சரி, இனி காட்டுப் பாதையில் நில்லுங்கள். கால் நுனியால் சருகைக் கொஞ்சம் கிளறுங்கள். குச்சிக் கால்களோடு சாம்பல் நிற ராபின் ஒன்று தத்தித் தத்தி வந்து, உங்கள் செருப்புக்குப் பக்கத்திலேயே பூச்சி பொறுக்கும். பயமே கிடையாது. அந்த நெருக்கத்தை அனுபவித்தால்தான் தெரியும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். மரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ரிமு, ராட்டா, பாசி மூடிய கிளைகள், ஆளுயரப் பெரணிகள்... 1899இலேயே காப்பிடமாக அறிவித்ததால் பிழைத்த காடு அது. அப்புறம், 1872இல் அங்கே ஒரு தபால் நிலையம் திறந்தார்கள். தபால் வந்தால் கொடி ஏற்றுவார்கள், சுற்று வட்டாரத்தார் படகு வலித்து வருவார்கள். அந்தக் கட்டடத்தை இன்றும் பார்க்கலாம். வணக்கம்.