20 பாட்டில், 21 களை, ஒரு தாவரவியல் பேராசிரியர்

வணக்கம். தோட்டமோ வயலோ வைத்திருக்கும் யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். போன வருஷம் ஒரு களையைக்கூட விடாமல் பிடுங்கியாச்சு. பூக்கவே விடவில்லை. ஆனாலும் அடுத்த மழைக்கு அதே களை, அதே இடத்தில் முளைத்து நிற்கிறது. அப்படியென்றால் மண்ணுக்குள் ஏற்கெனவே விதை கிடந்திருக்கிறது. அது எத்தனை வருஷம் உயிரோடு கிடக்கும்? எத்தனை வருஷம் விடாமல் களை எடுத்தால் அந்த இருப்பு தீரும்?

1879-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் இதற்குப் பதில் தேட ஒரு சோதனையைத் தொடங்கினார். அந்தச் சோதனை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 2100-ல்தான் முடியும். அவர் பெயர் வில்லியம் ஜேம்ஸ் பீல்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அவர் வகுப்பு எடுத்த விதம் தெரிந்தால்தான் அந்தச் சோதனை ஏன் அப்படி அமைந்தது என்பது புரியும். அதனால் வகுப்பறையிலிருந்தே போவோம்.

(காட்சி: மிச்சிகன் மாநில வரைபடம். ஏட்ரியன், ஈஸ்ட் லான்சிங் இரண்டு ஊர்களும் புள்ளியாகத் தெரிகின்றன.)

பீல் பிறந்தது 1833-ல், மிச்சிகனின் ஏட்ரியன் பகுதியில். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஹார்வர்டுக்குப் போனார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆசா கிரே. அமெரிக்கத் தாவரவியலில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்சிய ஆள் கிடையாது. டார்வினுக்கு நெருங்கிய நண்பர். இன்னொருவர் விலங்கியல் அறிஞர் லூயி அகாசி. டார்வின் கொள்கையைக் கடைசி வரை ஏற்காதவர். கொள்கையில் எதிரெதிரான இந்த இருவரிடமும் ஒரே சமயத்தில் பாடம் கேட்டவர் பீல்.

அகாசி பாடம் நடத்தும் முறை அப்போதே பேர்போனது. புதிதாக வரும் மாணவர் கையில் ஓர் உயிரினத்தைக் கொடுத்து, “பார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். புத்தகம் கிடையாது, விளக்கம் கிடையாது. நாள்கணக்கில் அதையே பார்க்க வேண்டும். என்ன பார்த்தாய் என்று கேட்பார். சொன்னால், “இன்னும் பார்” என்பார்.

பீல் இதைத் தாவரவியலுக்குக் கொண்டுவந்தார். சிகாகோவில் சில ஆண்டுகள் பேராசிரியராக இருந்துவிட்டு, 1870-ல் ஈஸ்ட் லான்சிங்கில் இருக்கும் மிச்சிகன் வேளாண் கல்லூரிக்கு வந்தார். இன்றைய மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம்தான் அது. 1855-ல் தொடங்கிய கல்லூரி. மாணவர்கள் பாதிப் பேருக்குமேல் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். படிப்போடு சேர்த்து தினமும் 3 மணி நேரம் பண்ணையில் உடலுழைப்பும் உண்டு.

அந்தக் காலத்துத் தாவரவியல் வகுப்பு எப்படி இருக்கும்? இலை வடிவங்களின் பெயர், பூவின் பகுதிகளின் பெயர், குடும்பங்களின் பெயர் என்று வரிசையாக மனப்பாடம் செய்வார்கள். வசந்த காலம் வந்ததும் நாலு பூவைப் பறித்து, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பெயர் கண்டுபிடிப்பார்கள். அத்தோடு படிப்பு முடிந்தது. பீல் இதைத் தலைகீழாக மாற்றினார். முதலில் செடி, அப்புறம் பேச்சு, கடைசியில்தான் புத்தகம். ஒரு கிளையையோ விதையையோ மாணவர் கையில் கொடுத்து, பார்த்ததை வகுப்பில் வந்து சொல்லச் சொல்வார். சொன்னது சரியா தப்பா என்று உடனே சொல்லமாட்டார். திரும்பப் போய்ச் செடியிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் “புதிய தாவரவியல்”.

இதன் அருமை சொன்னால் புரியாது, செய்து பார்த்தால் புரியும். வீட்டில் மொச்சையோ அவரையோ இருந்தால் இரவில் ஊறவைத்து, காலையில் ஒன்றைக் கையில் எடுங்கள்.

(காட்சி: ஊறிய மொச்சை, மிக அருகில். இரண்டு விரல்கள் அதை மெல்ல அழுத்துகின்றன.)

விளிம்பில் நீளமாக ஒரு வடு தெரியும். காய்க்குள் இருந்தபோது விதை ஒட்டிக்கொண்டிருந்த இடம் அது. துடைத்துவிட்டு மெல்ல அழுத்துங்கள். வடுவின் ஓர் ஓரத்தில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு நீர் கசியும். விதைத்துளை. தோலை உரித்தால் முளைவேரின் நுனி அந்தத் துளையை நோக்கியே இருக்கும். இந்த மூன்றையும் நீங்களே கண்டுபிடித்த பிறகு புத்தகத்தைத் திறந்தால், அந்தப் பக்கம் ஜென்மத்துக்கும் மறக்காது.

வகுப்பறை போதாமல் வெளியேயும் போனார் பீல். 1873-ல் கல்லூரிக்குள், ரெட் சீடர் ஆற்றுக்குப் பக்கத்தில், புல் வகைகளையும் தீவனச் செடிகளையும் சின்னச் சின்னப் பாத்திகளாக வளர்க்கத் தொடங்கினார். அதுதான் பின்னால் பீல் தாவரவியல் பூங்கா ஆனது. அமெரிக்காவில் இடைவிடாமல் இயங்கிவரும் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காக்களில் அதுவே மிகப் பழையது என்று சொல்கிறார்கள். தாவரவியலுக்கென்றே ஆய்வுக்கூடக் கட்டடம் ஒன்றையும் கேட்டு வாங்கினார். 1890-ல் அது எரிந்துபோனது. புதிதாக இன்னொன்று கட்டவைத்தார். வட அமெரிக்கப் புல் வகைகளைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார்.

இதற்கிடையில் மக்காச்சோளத்திலும் கை வைத்தார். 1876-ல் டார்வின் எழுதிய ஒரு புத்தகம் வந்தது. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடியைவிட, வேறு செடியின் மகரந்தத்தால் காய்த்த விதை வீரியமாக வளர்கிறது என்று அவர் தொட்டிகளில் வளர்த்துக் காட்டியிருந்தார். தொட்டியில் நடப்பது வயலில் நடக்குமா என்று பார்க்க நினைத்தார் பீல்.

அவர் செய்தது இதுதான். மக்காச்சோளத்தில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. உச்சியில் விரிந்து நிற்கும் கொத்து ஆண் பூ. இடுப்பில் இருக்கும் கதிரிலிருந்து பட்டு நூல் மாதிரி தொங்குவது பெண் பூவின் சூலகத் தண்டு. ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குச் சொந்தம். ஒரே சோளம்தான், ஆனால் பல வருஷம் வெவ்வேறு ஊர்களில் விளைந்த இரண்டு விதைகளை வாங்கினார். அடுத்தடுத்த வரிசையில் விதைத்தார். ஒரு வரிசையில் மட்டும் உச்சிக் கொத்து மகரந்தம் கொட்டும் முன்பே அதைப் பிடுங்கிவிட்டார். இனி அந்த வரிசையில் பிடிக்கும் மணி எல்லாம் பக்கத்து வரிசை மகரந்தத்தால் வந்ததாகத்தான் இருக்க முடியும். அந்தக் கலப்பு விதையை அடுத்த பட்டத்தில் விதைத்தார். ஒரு சோதனையில், சாதா விதையின் விளைச்சல் 100 என்றால் கலப்பு விதைக்கு 151 வந்தது.

இன்றைய வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு இது மட்டும் போதாது. தூய வழிகளை, அதாவது பல தலைமுறை தன் மகரந்தத்தாலேயே காய்க்கவைத்த விதைகளை, முதலில் உருவாக்கி, அப்புறம் கலக்க வேண்டும் என்பதை 1908 வாக்கில் ஜார்ஜ் ஷல் காட்டினார். ஆனால் மகசூலுக்காகவே திட்டமிட்டு, வயலில், உச்சிக் கொத்தைப் பிடுங்கிக் கலப்பு செய்த முதல் ஆட்களில் பீல் ஒருவர். பெரம்பலூர் கரிசலில் இன்று விதைக்கும் ஒட்டு மக்காச்சோளத்தின் பாக்கெட் விதைக்கும் அடிப்படை இந்த வேலைதான்.

சரி, இப்போது பாட்டிலுக்கு வருவோம்.

1879 இலையுதிர் காலம். சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் 21 வகைச் செடிகளின் விதைகளைச் சேகரித்தார் பீல். பெரும்பாலும் களைகள். நமக்குத் தெரிந்த முகங்களும் உண்டு: பருப்புக்கீரை, கருங்கடுகு, நம் தண்டுக்கீரைக்குச் சொந்தமான ஒரு காட்டுக்கீரை. ஒவ்வொரு வகையிலும் 50 விதை. ஈரமான மணலோடு கலந்து ஒரு பாட்டிலில் போட்டார். இப்படி 20 பாட்டில்.

அவற்றைப் புதைத்த விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பாட்டிலுக்கு மூடி இல்லை. காற்றும் மண்ணின் ஈரமும் உள்ளே போய்வர வேண்டும். ஆனால் வாய் மேலே இருந்தால் மழைநீர் தேங்கி விதை அழுகிவிடும். அதனால் வாயைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து வைத்தார். மணல் மேடு ஒன்றில், கிழக்கு மேற்காக ஒரே வரிசையில், ஏறக்குறைய 20 அங்குல ஆழத்தில் புதைத்தார். எந்தக் கல்லிலிருந்து எத்தனை எட்டு, எந்தத் திசை என்று எழுதியும் வைத்தார்.

(காட்சி: மண்ணின் குறுக்குவெட்டுப் படம். சாய்ந்த நிலையில் வரிசையாகப் பாட்டில்கள்.)

திட்டம் எளிது. 5 வருஷத்துக்கு ஒரு பாட்டில். தோண்டி எடுத்து, மண்ணில் பரப்பி, தண்ணீர் தெளித்து, எது முளைக்கிறது என்று பார்ப்பது. 20 பாட்டிலுக்கு 100 வருஷம். சோதனையைத் தொடங்கும்போது பீலுக்கு வயது 46. முடிவைத் தான் பார்க்கப் போவதில்லை என்பது முதல் நாளே அவருக்குத் தெரியும். மாணவர் கையில் செடியைக் கொடுத்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனவர், இங்கேயும் அதையேதான் செய்தார். யூகம் எதையும் சொல்லவில்லை. மண்ணிடமே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

என்ன தெரிந்தது? சில வகைகள் முதல் 5 வருஷத்தைக்கூடத் தாண்டவில்லை. கருங்கடுகு 50 வருஷம் வரை முளைத்தது. அந்திமந்தாரை மாதிரி மாலையில் பூக்கும் ஈவ்னிங் பிரிம்ரோஸ் 80 வருஷம். அதற்கப்புறம் ஏறக்குறைய எல்லாமே அடங்கிவிட்டன, ஒன்றைத் தவிர. மாத் முல்லைன் என்ற களை. ஐந்து மஞ்சள் இதழ்கள், நடுவில் ஊதா ரோமம் அடர்ந்த மகரந்தத் தாள்கள். விதை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 2000-ல் எடுத்த பாட்டிலில், 120 வருஷத்துக்குப் பிறகு, 50-ல் 23 விதை முளைத்தது. அதே பாட்டிலில் மால்வா என்ற செடியின் ஒரே ஒரு விதையும் முளைத்தது.

ஏன் இத்தனை வருஷம்? இந்த மாதிரிச் சின்ன விதைகள் பலவற்றுக்கு முளைக்க ஈரம் மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும். விதைக்குள் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டதும் அது மாறி, முளைக்கச் சொல்லும். ஆழத்தில், இருட்டில் கிடக்கும்வரை விதை உறக்கத்தில்தான் இருக்கும். நாம் உழும்போது ஆழத்தில் இருந்தது மேலே வருகிறது, வெளிச்சம் படுகிறது, முளைக்கிறது. சுத்தமாகக் களை எடுத்த நிலத்தில், ஆழ உழுத மறுவாரமே களை கிளம்புவது இதனால்தான். (கோரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது கிழங்கிலிருந்து வருவது, அதற்கு வைத்தியமே வேறு.) ஆக, விவசாயியின் கேள்விக்கான பதில் களைக்குக் களை மாறுகிறது. சிலவற்றை ஐந்து வருஷத்தில் ஒழித்துவிடலாம். சிலவற்றை ஒரு ஆயுளுக்குள் ஒழிக்க முடியாது. அவற்றை விதை வைக்கவிடாமல் பார்த்துக்கொள்வதும், தேவையில்லாமல் ஆழ உழாமல் இருப்பதும்தான் வழி.

வெளிச்ச விஷயம் தெரிந்த பிறகு தோண்டுகிறவர்களும் உஷாரானார்கள். மீதிப் பாட்டில்கள்மேல் சூரிய ஒளி பட்டுவிடக் கூடாது அல்லவா? அதனால் தோண்டுவது இரவில். 2021 ஏப்ரலில் விடியும் முன்பே போனார்கள். 2020-ல் எடுத்திருக்க வேண்டியது, கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப்போனது. தலையில் கட்டிய விளக்குகளில் பச்சை ஒளி மட்டும்; விதையை அது அவ்வளவாக உசுப்பாது. புதைத்த இடம் வெளியாட்களுக்குத் தெரியாது. வரைபடம் ஒரு தலைமுறை ஆய்வாளரிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறிவருகிறது. பீலுக்குப் பின் டார்லிங்டன், அப்புறம் பண்டுர்ஸ்கி, யான் சீவார்ட், ஃப்ராங்க் டெலூஸ்கி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. விதைகள் தொடர்ந்து முளைப்பதைப் பார்த்து, இவர்கள் இடைவெளியை முதலில் 10 வருஷமாகவும் பிறகு 20 வருஷமாகவும் நீட்டினார்கள். 100 வருஷச் சோதனை 221 வருஷச் சோதனை ஆனது அப்படித்தான்.

பீல் 40 வருஷம் அதே கல்லூரியில் பணியாற்றி, 1910-ல், 77 வயதில் ஓய்வு பெற்றார். அப்புறமும் சும்மா இருக்கவில்லை. கல்லூரியின் வரலாற்றை எழுதி 1915-ல் வெளியிட்டார். 1924-ல், 91 வயதில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்டில் காலமானார். அவர் மாணவர்களில் லிபர்ட்டி ஹைட் பெய்லியை அவசியம் சொல்ல வேண்டும். மிச்சிகன் பழத்தோட்டக்காரர் ஒருவரின் மகன். 1882-ல் பட்டம் பெற்று, பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண் கல்லூரியை வளர்த்தெடுத்தவர். அமெரிக்கத் தோட்டக்கலையை அறிவியலாக்கியவர் என்றால் இவரைத்தான் காட்டுவார்கள்.

2021-ல் முளைத்த செடிகளை டிஎன்ஏ பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட எல்லாமே மாத் முல்லைன். ஒன்று மட்டும் கலப்பு: மாத் முல்லைனுக்கும் அதன் உறவுச் செடியான பெரிய முல்லைனுக்கும் பிறந்தது. 1879-ல் பீல் விதை பொறுக்கிய காட்டில் அந்த இரண்டும் அருகருகே பூத்து, ஏதோ ஒரு பூச்சி மகரந்தத்தை இடம் மாற்றியிருக்கிறது. டிஎன்ஏ என்ற சொல்லே இல்லாத காலத்தில் புதைத்துவைத்த விதையிலிருந்து இதைப் படிக்க முடிகிறது.

இப்போது இந்தச் சோதனையை ஆவலோடு பார்ப்பவர்கள் களை ஆராய்ச்சிக்காரர்கள் மட்டுமல்ல. மேலே அழிந்துபோன ஒரு செடி, மண்ணுக்குள் விதையாக இன்னும் இருக்கிறதா, நிலத்தைக் கிளறினால் திரும்ப வருமா என்று கேட்கும் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கும் இது தேவைப்படுகிறது. மிச்சம் நான்கு பாட்டில். 2040, 2060, 2080, 2100.