எதிர்ப்பொருள் அணுவிடம் ஒரு கேள்வி

மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் நேயர்களுக்கு வணக்கம்.

கீழக்கரையிலும் ராமேசுவரத்திலும் சங்கு குளிப்போர் எடுத்துவருபவற்றில் மிகப் பெரும்பாலானவை இடம்புரிச் சங்குகளே. வலம்புரி அரிதினும் அரிது. ஆயினும் இடம்புரியைக் கண்ணாடியில் காட்டினால் தெரிவது வலம்புரிதான். உயிரினம் இப்படி ஒரு பக்கம் சாயலாம். இயற்கையின் அடிப்படை விதிகளும் சாயுமா? சாயா என்றே இயற்பியலார் நெடுங்காலம் நம்பினர். கோபால்ட்-60 அணுக்கரு சிதையும்போது எலெக்ட்ரான்கள் ஒரு திசையிலேயே கூடுதலாக வெளியேறுகின்றன என்று 1957-இல் இயற்பியலாளர் வூ அம்மையாரின் ஆய்வு காட்டியதும் அந்த நம்பிக்கை தகர்ந்தது. கண்ணாடிப் பிம்பத்தோடு துகளின் மின்னூட்டத்தையும் சேர்த்து மாற்றினால் சமன் மீளும் என்ற எண்ணத்தை 1964-இல் கேயான் என்னும் குறுகிய ஆயுள் கொண்ட துகள்கள் பொய்யாக்கின. மின்னூட்டம், கண்ணாடிப் பிம்பம், காலத்தின் திசை ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றினால் விதிகள் மாறா என்னும் சிபிடி சமச்சீர்மை மட்டும் இன்றுவரை உடையவில்லை.

நிறை ஒத்தும் மின்னூட்டம் எதிர்மாறாகவும் உள்ள துகள்களால் ஆனது எதிர்ப்பொருள். சிபிடி மெய்யானால், எதிர்ப்புரோட்டானும் (புரோட்டானின் எதிர்த்துகள்) பாசிட்ரானும் (எலெக்ட்ரானின் எதிர்த்துகள்) சேர்ந்த எதிர்ஹைட்ரஜன் அணு, ஹைட்ரஜன் உறிஞ்சும் அதே நிற ஒளியைத்தான், இம்மியும் பிசகாமல், உறிஞ்ச வேண்டும். ஹைட்ரஜன் உறிஞ்சும் அந்த ஒளியின் நிறத்தை, அதாவது அதிர்வெண்ணை, ஏறத்தாழ 15 இலக்கத் துல்லியத்தில் நாம் அறிவோம் என்பதால், இதைவிடக் கூர்மையான உரைகல் கிடைப்பது அரிது என்பது என் கருத்து.

ஆனால் அந்த அணுவைப் பிடித்துவைப்பது எளிதன்று. பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழியும் என்பதால், கலத்தின் சுவரைத் தொட்டாலே அழிந்துவிடும். மின்னூட்டம் அற்றதாகையால் மின்புலத்துக்கும் கட்டுப்படாது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் ஆல்பா குழுவினர், வேகம் தணிக்கப்பட்ட எதிர்ப்புரோட்டான்களைச் சோடியம்-22 தரும் பாசிட்ரான்களோடு கலந்து, உருவாகும் அணுக்களில் அரை கெல்வினுக்கும் கீழே (ஏறத்தாழ −273 டிகிரி செல்சியசுக்கு) குளிர்ந்த சிலவற்றை மட்டும், அவற்றின் நுண்ணிய காந்தத்தன்மையைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 2010-இல் முதன்முறையாகக் காந்தச் சிறையில் நிறுத்தினர். பிறகு 243 நானோமீட்டர் புறஊதா லேசர் ஒளியைச் செலுத்தினர். அதிர்வெண் சரியாகப் பொருந்தினால், இரண்டு ஒளித்துகள்களை விழுங்கிக் கிளர்ந்த அணுக்களுள் பல சிறையிலிருந்து நழுவிச் சுவரில் மோதி அழியும்; அப்போது சிதறும் துகள்களைச் சிலிக்கான் உணரிகள் பதிவுசெய்யும். அணு மறைவதைக் கொண்டே அதன் நிறத்தை அறியும் இந்த நுட்பம் எனக்குப் பெருவியப்பளிப்பது. 2018-இல் ஒரு லட்சம் கோடியில் இரண்டு பங்கு அளவுக்குத் துல்லியமாக அளந்தும் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. எதிர்ஹைட்ரஜன் கீழ்நோக்கியே விழுகிறது என்பதும் 2023-இல் உறுதியாயிற்று.

பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் தோன்றியிருந்தால், நாம் காணும் அண்டம் ஏன் பொருளால் மட்டுமே ஆனது என்ற வினா இன்னும் தீரவில்லை. ஆகவே அளவீடு தொடர்கிறது. லேசரால் எதிர்ஹைட்ரஜனை மேலும் குளிர்விக்கும் முறை 2021-இல் கைகூடியது. குளிரக் குளிர அணுவின் அசைவு அடங்கும், அளவீடும் கூர்மையடையும். ஹைட்ரஜனில் எட்டிய துல்லியத்தைத் தொட இன்னும் சில நூறு மடங்கு முன்னேற வேண்டியிருக்கிறது.