ஆடித் தள்ளுபடியில் ஒரு ஜோடி செருப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்ததும் சென்னை தியாகராய நகரிலும், மதுரை, கோவைக் கடைவீதிகளிலும் ஜவுளிக்கடைகள் தள்ளுபடிப் பலகைகளைத் தொங்கவிடுகின்றன. புடவைக்கும் சட்டைக்கும் முண்டியடிக்கும் கூட்டம், அதே கடையின் ஒரு மூலையில் அடுக்கியிருக்கும் செருப்புகளை அநேகமாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. வெயில் நாளில் கடைகண்ணிக்குப் போட்டுக்கொண்டு போகிற எளிய செருப்பு வேண்டுமென்றால், நான் நேராகப் போவது அந்த மூலைக்குத்தான்.

ஆடியில் திருமணங்கள் நடப்பதில்லை என்பதால் வியாபாரம் மந்தமாக இருக்கும்; அடுத்துத் தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும். புடவையை மடித்து நெருக்கி வைக்கலாம், செருப்புப் பெட்டியை அப்படி வைக்க முடியாது. கோடைக்கென்று வரவழைத்தவற்றில் பலரும் கேட்கும் அளவுகள் விற்றுப்போய், மிகச் சிறியதும் மிகப் பெரியதும் மட்டும் எஞ்சும்போது, இடம் காலியானால் போதும் என்று கடைக்காரர் விலையைக் குறைத்துவிடுகிறார். சின்னப் பாதம் உள்ளவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

பலகையில் உள்ள கணக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 50 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் 20 சதவீதம் என்றால், 1,000 ரூபாய்ச் செருப்பு முதலில் 500 ஆகி, அந்த 500இல் 20 சதவீதம் கழிந்து 400 ரூபாய்க்கு வரும்; ஆக மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம், 70 அன்று.

விலையைவிட முக்கியமாக நான் பார்ப்பது செருப்பின் வயதை. சில ஆண்டுகளுக்கு முன் பாதி விலைக்கு வாங்கிய மெத்தென்ற செருப்பு ஒன்று, முதன்முதலாக அணிந்து சென்ற அன்றே, பேருந்து நிறுத்தத்தில் கறையான் அரித்த கட்டையைப் போலத் துகள்துகளாக உதிர்ந்தது. கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு வீடு திரும்பினேன். பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆன அடிப்பாகம் காற்றின் ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து சிதைவதே இதற்குக் காரணம். காலில் படாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் சில ஆண்டுகளில் இது நேரும், கடலோர ஊர்களில் இன்னும் விரைவாக நேரும். ஆகவே பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலும், வளைக்கும்போது மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலும், எவ்வளவு மலிவானாலும் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். ரப்பர் செருப்புக்கும், நுரைபோல் எடையற்ற ஈ.வி.ஏ. என்னும் நெகிழியால் ஆன செருப்புக்கும் இந்தச் சிதைவு நேர்வதில்லை. ஆனால் ஈ.வி.ஏ. கடும் வெயிலில் சுருங்கும் என்பதால், அதை மொட்டைமாடியிலோ பூட்டிய காருக்குள்ளோ விட்டுவைக்கக் கூடாது.

தள்ளுபடிச் சரக்கானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படவில்லையென்றால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அளவு சரியில்லை என்பது குறைபாடாகாது. அதனால் பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய், இரு கால்களிலும் அணிந்து, கடைக்குள்ளேயே பத்தடி நடந்து பார்த்து வாங்குங்கள்.

வணக்கம்.