சந்தேகங்களுக்கு விளக்கம்: பூக்கட்டுபவருக்கு மல்லிகை மணம் ஏன் மங்குகிறது?

வணக்கம். செல்கள் தமக்கு வரும் வேதிச் செய்திகளை எப்படிப் பெறுகின்றன என்பதை இன்சுலின், அட்ரினலின் ஆகிய இரண்டையும் வைத்து முந்தைய உரைகளில் பார்த்தோம். அவற்றுக்கு வந்த கேள்விகளில் ஒன்று பல நாள்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அம்மன் சன்னதிப் பக்கம் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா, தம் மகளிடம் சொல்லி எழுதச் செய்திருக்கிறார். “ஐயா, சாயங்காலம் ஈரச்சாக்கைப் பிரிக்கும்போது மல்லிகை மணம் ஆளைத் தூக்குகிறது. நாலு முழம் கட்டுவதற்குள் அது எனக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வாங்க வருகிறவர்கள் மட்டும் நின்று மணந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். என் மூக்கில் ஏதாவது கோளாறா?” இதுதான் அவர் கேள்வி.

அம்மா, சாக்கைப் பிரித்தவுடன் உங்களுக்கு மணம் தெரிகிறது என்பதே உங்கள் மூக்கு நன்றாக இருப்பதற்குச் சான்று. காப்பித்தூள், தாளிப்பு, கேஸ் கசிவு என எந்த வாசனையும் எந்த வேளையிலும் தெரியவில்லை என்றால்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு நடப்பது வேறு. அதை விளக்கத் தொடங்கினால், செல்களைப் பற்றி நான் மிகவும் பேச விரும்பும் இடத்துக்கே வந்து சேர்வோம்.

மதுரை மல்லியின் மணம் ஒரே பொருளால் ஆனதன்று. லினலூல், பென்சைல் அசிட்டேட், இன்டோல் முதலிய பல மூலக்கூறுகள் மொட்டு விரியும் மாலைப் பொழுதில் காற்றில் கலந்து, மூக்கின் மேற்பகுதியில் உள்ள ஈரப்படலத்தில் கரைகின்றன. அங்கே நுகர்ச்சி நரம்புச் செல்கள் மிக மெல்லிய நுண்மயிர்களை நீட்டிக்கொண்டிருக்கின்றன; அந்த நுண்மயிர்களின் சவ்வில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் பதிந்திருக்கின்றன. லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் ஆகிய இருவரும் இந்த ஏற்பிகளுக்கான பெரும் மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்தார்கள். அதற்காக 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை நுகர்ச்சி ஏற்பிகள் உள்ளன. ஒவ்வொரு நுகர்ச்சிச் செல்லும் அவற்றுள் ஒரே ஒரு வகையை மட்டுமே தாங்கி நிற்கிறது.

மணமூட்டும் மூலக்கூறு செல்லுக்குள் நுழைந்து வேலை செய்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். இதை அட்ரினலின் உரையிலும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்: வந்தவர் திண்ணையோடு திரும்பிவிடுகிறார், அவர் வந்த சேதி மட்டும் வீட்டுக்குள் போகிறது. மூலக்கூறு பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் சற்றே மாறுகிறது. அந்த மாற்றம் சவ்வின் உட்புறத்தில் இருக்கும் ஜி-புரதத்தைத் தூண்டுகிறது. ஜி-புரதம் ஒரு நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி, ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறிலிருந்து சைக்ளிக் ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை சவ்வில் உள்ள அயனி வாயில்களை, அதாவது மின்னூட்டம் ஏற்ற அணுக்கள் செல்லும் வழிகளைத் திறக்க, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்ந்து, மூளைக்குச் செல்லும் மின் துடிப்பு தொடங்குகிறது. அட்ரினலின் கல்லீரலில் சர்க்கரையை விடுவிப்பதும் இதே சைக்ளிக் ஏஎம்பியின் வழியாகத்தான். அதைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, மணம் ஏன் மங்குகிறது என்பதற்கு வருவோம். ஒரு செல் செய்தியைப் பெறத் தொடங்கும்போதே அதை அணைக்கும் வேலையையும் தொடங்கிவிடுகிறது. இந்த ஒரு கருத்தை நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. செய்தியை எழுப்ப உள்ளே வந்த அதே கால்சியம், கால்மோடுலின் என்னும் புரதத்தோடு சேர்ந்து, அந்த அயனி வாயில்கள் சைக்ளிக் ஏஎம்பிக்கு எளிதில் திறக்காதபடி செய்கிறது. இன்னொரு நொதி சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. ஜி-புரதம் தன்னோடு ஒட்டியிருக்கும் மூலக்கூறைத் தானே வெட்டித் தன்னை அணைத்துக்கொள்கிறது. நெடுநேரம் தூண்டப்பட்ட ஏற்பியின் மீது பாஸ்பேட் தொகுதிகள் ஏறி, அதன் வேகத்தைக் குறைக்கின்றன. இவை போதாவென்று மூளையும் மாறாத மணத்தைப் பொருட்படுத்தாமல் விடுகிறது. நாள்தோறும் ஒரே மணத்தின் நடுவில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு மணம் மட்டும் வாரக்கணக்கில் மங்கியிருப்பதும் உண்டு.

மங்குவது அந்த மணம் மட்டும்தான் என்பதை மாணவர்களோடு ஒரு மாலையில் பூக்கடை ஓரத்தில் நின்று பார்த்தோம். மல்லிகை அவர்களுக்கு மங்கிய பிறகு, கடைக்காரர் ஒரு கட்டு மரிக்கொழுந்தை எடுத்து நீட்டினார். அது பளிச்சென்று தெரிந்தது. மரிக்கொழுந்தின் மூலக்கூறுகள் பெரும்பாலும் வேறு ஏற்பிகளில் பொருந்துகின்றன. அந்தச் செல்கள் அதுவரை களைக்கவில்லை. பிறகு கீழமாசி வீதிப் பக்கம் போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். மல்லிகையும் மீண்டும் மணந்தது. “அப்படியானால் மூக்கு ஏமாற்றுகிறதா, ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டார். இல்லையம்மா. பழைய மணத்தைத் தணித்துக்கொண்ட மூக்கால்தான் புதிதாக வரும் புகையையோ கெட்டுப்போன குழம்பையோ உடனே கண்டுகொள்ள முடியும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி தோன்றுகிறது. அதை யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன். செய்தி அணையாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும்?

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் மல்லிகைத் தோட்டங்களிலேயே இருக்கிறது. நரம்பு முனையிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி கொண்டு செல்வது அசிட்டைல்கோலின். அதை உடைத்து அப்புறப்படுத்தும் நொதி, நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைச் சிதைக்கும் அளவுக்கு வேகமானது. மொட்டுப்புழுவுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. பூச்சி சாவதும் அதனால்தான். முகத்தை மூடாமல், காற்றுக்கு எதிரே நின்று மருந்து அடிப்பவருக்கு வியர்த்துக்கொட்டி, எச்சில் ஊறி, கண்மணி சுருங்கி, மூச்சு திணறுவதும் அதனால்தான். அங்கே செய்தி புதிதாக ஒன்றும் வரவில்லை. வந்த செய்தி நிற்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவர்கள் கொடுக்கும் அட்ரோபின், சுரப்பிகளிலும் இதயத்திலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஏற்பிகளை மறித்து அந்தச் செய்தியைக் கேளாமல் செய்கிறது. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், மருந்து அடித்த சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் இறங்கும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு காலரா. சம்பு நாத் தே என்னும் கல்கத்தா மருத்துவர், கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீர்மத்தை முயலின் குடலில் செலுத்தினாலே நீர் சுரந்து குடல் உப்புகிறது என்று 1959-இல் நிறுவினார். கிருமி விடும் நச்சே நோயை உண்டாக்குகிறது என்பதை அது காட்டியது. இவ்வளவு பெரிய வேலையைச் செய்த அவர் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வேதனை தருகிறது. அந்த நச்சு குடல் செல்லுக்குள் புகுந்து ஜி-புரதத்தின் மேல் ஒரு வேதித் தொகுதியை ஒட்டிவிடுகிறது. தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் திறனை ஜி-புரதம் இழக்கிறது. சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது, குளோரைடு வாயில்கள் திறந்தே கிடக்கின்றன, குளோரைடு வெளியேற அதன் பின்னே சோடியமும் நீரும் போகின்றன. கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் இழப்பு ஏற்படும். ஜி-புரதங்களை அடையாளம் காணும் ஆய்வுகளிலேயே இந்த நச்சு பின்னர் கருவியாகப் பயன்பட்டது. அப்புரதங்களுக்காக மார்ட்டின் ராட்பெல்லும் ஆல்பிரெட் கில்மனும் 1994-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

குடலில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. காலரா நச்சு அதைத் தொடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் உயிர் காப்பது அந்தப் புரதத்தின் வழியாகத்தான். 1971-இல் வங்க அகதிகள் முகாமில் திலீப் மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் அந்த நீரைக் கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். இன்றைய ஓஆர்எஸ் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் வைத்திருப்பது இந்த இரண்டும் இணைந்து உள்ளே போக வேண்டும் என்ற கணக்கில்தான். ஆகவே அந்த ஒரு லிட்டர் பொட்டலத்தைப் பாதி தண்ணீரில் கரைக்காதீர்கள், ருசிக்காகக் கூடுதல் சர்க்கரையும் சேர்க்காதீர்கள். அடர்த்தி கூடினால் குடலிலிருந்து நீர் இன்னும் வெளியேறும். அந்தப் புரதம் நீரை எவ்வாறு தன்னோடு கூட்டிச் செல்கிறது என்பதை அடுத்த உரையில் படம் போட்டுக் காட்டுகிறேன்.