கருநீலக் காரில் பழைய வேக்ஸை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது: ஈசூன் கார்ப்பேட்டையில் ஒரு சனிக்கிழமை

வணக்கம் மக்களே. காலை ஆறரை மணி. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய அடுக்குமாடி கார்ப்பேட்டை, நாலாவது தளம். வெளியே இன்னும் விடியவில்லை. இங்கே ட்யூப்லைட் வெளிச்சம்தான். இன்றைய வேலைக்கு அதுவே வசதி. பெயின்டில் இருக்கும் குறையெல்லாம் ட்யூப்லைட்டுக்குக் கீழே அப்படியே தெரிந்துவிடும்.

இதோ பானட். கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன், பாருங்கள். இந்த இடம் தெரிகிறதா? ஒரு டாலர் காசு அளவுக்கு, வெளிறிப்போன வட்டம். போன வருடம் ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனப் பொட்டு அது. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பொட்டைத் துடைக்க மனசு வராமல் இரண்டு நாள் அப்படியே விட்டேன். மூன்றாம் நாள் சந்தனம் காய்ந்து கல் மாதிரி ஆகிவிட்டது. காய்ந்த துணியாலேயே தேய்த்து எடுத்தேன். அன்றைக்கே அடையாளம் விழுந்துவிட்டது.

அதை மறைக்க என்ன செய்தேன் தெரியுமா? அதன் மேலேயே வேக்ஸ் போட்டேன். கொஞ்சம் மறைந்த மாதிரி இருந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி போட்டேன். அப்புறம் தீபாவளிக்கு, பொங்கலுக்கு. ஒவ்வொரு தடவையும் கீறலுக்குள் வேக்ஸ் போய் உட்கார்ந்து, காய்ந்து, வெள்ளையாகிவிட்டது. இப்போது அந்த வட்டம் முன்பைவிட எடுப்பாகத் தெரிகிறது. பானட் முழுக்கவும் ஒரு மங்கல். கருநீலம் என்றுதான் வாங்கினேன், இப்போது சரியாக அழிக்காத கரும்பலகை மாதிரி இருக்கிறது.

இந்த வண்டி 2013-ல் பதிவானது. 2023-ல் சிஓஇ, அதாவது இங்கே கார் வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய பத்து வருட உரிமைச் சான்றிதழ், முடிந்தபோது இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். அவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டு பெயின்டை விட்டுவிட முடியுமா? 2033 வரைக்கும் இதே பெயின்ட்தான் எனக்கு வேண்டும். அதனால் இன்றைக்கு ஒரு முடிவோடு வந்திருக்கிறேன். மேலே இருக்கும் பழைய வேக்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் பெயின்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் புதிய வேக்ஸ்.

வெள்ளைக் கார் வைத்திருக்கும் நண்பர்கள் இவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்லை. வெள்ளைப் பெயின்ட் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், அந்த வெளிச்சத்தில் கீறல் காணாமல் போய்விடும். கறுப்பும் கருநீலமும் விழுகிற வெளிச்சத்தை விழுங்கிவிடும். மேற்பரப்பில் பட்டுத் திரும்புவது மட்டும்தான் நம் கண்ணுக்கு வரும். அதனால் ஒவ்வொரு கீறலின் விளிம்பும் தனியாக மின்னும். இப்போது டார்ச் அடிக்கிறேன் பாருங்கள், வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி வட்டம் வட்டமாகத் தெரிகிறது. உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. விளக்குக்குக் குறுக்கே ஓடுகிறவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. டார்ச்சை நகர்த்துங்கள், வட்டமும் கூடவே நகரும்.

சரி, முதலில் கழுவுவது. அதைக் கீழ்த்தளத்தில், கழுவுவதற்கென்று ஒதுக்கிய இடத்தில் ஏற்கெனவே முடித்துவிட்டேன். அதை வீடியோ எடுக்கவில்லை, இருட்டாக இருந்தது. இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். கையுறையை வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். மேலிருந்து கீழே. கழுவுவதற்கு ஒதுக்கிய இடத்துக்கே போங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. மழைநீர்க் கால்வாயில் விடுவது நீர்த்தேக்கத்துக்குப் போகும், அங்கிருந்து நம் வீட்டுக் குழாய்க்கே திரும்பி வரும்.

பாத்திரம் கழுவும் சோப்பு போட்டால் வேக்ஸ் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். நானும் நம்பினேன். சோப்பு போட்டதும் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தகடு மாதிரி வழியும், உடனே வேக்ஸ் போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். பாதி நேரம் அது மேலே படிந்திருக்கும் சோப்பின் வேலை. நன்றாக அலசிவிட்டு மறுபடி தண்ணீர் தெளியுங்கள், முத்து திரும்பி வந்து நிற்கும். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், வேக்ஸைக் கொஞ்சம் பலவீனமாக்கும், அவ்வளவுதான். அதோடு கதவோர ரப்பரையும் உலர வைத்துவிடும். நான் இப்போது அதை விட்டுவிட்டேன்.

இனிமேல்தான் முக்கியமான இடம். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்கிறேன். ஈரச் சந்தையில் மீன் போட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரிப் பைதான், புதிதாக, சுத்தமாக இருந்தால் போதும். இப்போது பானட்டை மெதுவாகத் தடவுகிறேன். சத்தம் கேட்கிறதா? மைக்கைக் கிட்டே வைக்கிறேன். சர்... சர்... வெறும் கையால் தடவினால் வழவழப்பாகத்தான் இருந்தது. பை போட்டதும் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. கழுவியும் போகாமல் பெயின்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கு இது. பிரேக்கிலிருந்து வரும் இரும்புத்தூள், மரப்பிசின், எல்லாம் பழைய வேக்ஸோடு சேர்ந்து ஒட்டிவிட்டது. போன வருடம் முழுக்கத் திறந்தவெளிக் கார்ப்பேட்டையில், தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழேதான் நிறுத்தினேன். நிழல் நல்ல நிழல். மேலே இருந்து விழுவதும் மைனா போடுவதும்தான் பிரச்சினை.

இதற்குக் கிளே பார், களிமண் கட்டி மாதிரி இருக்கும். பாதியைக் கிள்ளி, கையில் பிசைந்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். பெயின்டில் வழுக்கும் தண்ணீர் நிறையத் தெளியுங்கள். கார் ஷாம்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீரே போதும். ஒரு முழம் சதுரத்துக்கு மேல் ஒரு தடவையில் போகாதீர்கள். அழுத்தவே கூடாது, கட்டியின் கனம் மட்டும் போதும். நேர்கோட்டில் முன்னும் பின்னும். முதலில் கட்டி இழுக்கும், விரல் நுனியில் தெரியும். நாலைந்து தடவை போனதும் இழுப்பு நின்று சட்டென்று வழுக்கும். அந்த இடம் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம்.

இதோ கட்டியைத் திருப்பிக் காட்டுகிறேன். பாருங்கள், பழுப்பு நிறம்! வெள்ளைக் கட்டி இது. ஒரு பானட்டில் பாதிகூட முடியவில்லை. இவ்வளவையும் மூடி மூடித்தான் நான் வேக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். இதைப் பார்த்தபோது உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்து, மறுபடி பிசைந்து, சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டு வாருங்கள். கட்டி தரையில் விழுந்தால் யோசிக்கவே யோசிக்காதீர்கள், குப்பைத்தொட்டிதான். ஒரு மணல் துகள் ஒட்டினால் போதும், கருநீலத்தில் நீளமாகக் கோடு போட்டுவிடும். இரண்டு பாதியாகக் கிள்ளி வைத்தது அதற்காகத்தான்.

...சரி, எட்டே முக்கால் ஆகிவிட்டது. வண்டி முழுவதும் முடித்துவிட்டேன். வெளியே வெயில் ஏறிவிட்டது. இந்தத் தளத்தில் நிழல் இருப்பதால் தகடு இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். நம் ஊர் பூமத்தியரேகைக்கு ஒன்றரை டிகிரிகூட இல்லை, மதியம் கறுப்புத் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் எதைப் போட்டாலும் போட்ட இடத்திலேயே காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

களிமண் கட்டி வேக்ஸில் பெரும்பகுதியை எடுத்துவிடும். மிச்சம் மீதிக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மருந்துக்கடையில் 70 விழுக்காடு என்று போட்டு விற்பார்கள். அதில் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் நாலு பங்கு. கலந்தால் 14 விழுக்காடு வரும், இதற்கு அது போதும். அப்படியே கலக்காமல் அடிக்காதீர்கள், பெயின்டுக்கு அவ்வளவு காட்டம் தேவையில்லை. துணியில் அடித்து ஒரு பக்கமாகத் துடைத்து, உடனே இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். அடுக்குமாடி என்றாலும் காற்றோட்டம் இருக்கும் பக்கமாக நின்றுகொள்ளுங்கள். பக்கத்தில் யாரும் புகை பிடிக்கக் கூடாது.

இப்போது தண்ணீர் தெளிக்கிறேன். முத்து இல்லை. சோம்பலாக, அகலமாக, தகடு மாதிரி வழிகிறது. இதுதான் வெறும் பெயின்ட். பல மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பளபளப்பு குறைவுதான், ஆனால் அந்தச் சாம்பல் மங்கல் போய்விட்டது. நீலம் தெரிகிறது!

சந்தன வட்டத்துக்கு வருவோம். வெள்ளை போய்விட்டது. கீறல் இருக்கிறது. அப்படியென்றால் வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் உள்ளே அடைந்த வேக்ஸ்தான். இந்த இடத்துக்கு மட்டும் மென்மையான பாலிஷ், கையால். மெஷின் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பட்டறையில் மெஷின் போட்டுக் கொடுத்தார்கள், நிழலில் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது, வெயிலில் எடுத்ததும் பானட் முழுக்கப் புகைமூட்டம் மாதிரி சுழல் தடம். அதிலிருந்து நானே கையால்தான்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீல நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட். அது பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான். அதாவது ஒரு முடியின் தடிமன்கூட இல்லாத பூச்சுதான் வெயிலையும் மழையையும் பறவை எச்சத்தையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. பாலிஷ் என்பது அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்கிறது. தேய்க்கும்போது துணியில் காரின் நிறம் வந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். பழைய முறைப் பெயின்ட், மேலே பூச்சே இல்லாததாக இருக்கலாம், அல்லது பூச்சு தேய்ந்துபோயிருக்கலாம். இதோ என் துணி. வெள்ளையாகவே இருக்கிறது. நல்லது.

ஒரு பட்டாணி அளவு பாலிஷ், இரண்டு நிமிடம், துடைத்துவிட்டு டார்ச். இன்னொரு பட்டாணி, இன்னொரு இரண்டு நிமிடம். இப்போது பாருங்கள். முக்கால் வட்டம் போய்விட்டது.

இனி வேக்ஸ். நான் போடுவது கார்னவ்பா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனைவகையின் ஓலையைக் காயவைத்து, அதிலிருந்து எடுக்கும் மெழுகு. உருகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும், தேன்மெழுகு 60-சொச்சத்திலேயே உருகிவிடும். இதைவிட நாளாக உழைக்கும் செயற்கைப் பூச்சுகள் வந்துவிட்டன, அது உண்மை. ஆனாலும் இருண்ட நிறத்தில் கார்னவ்பா தரும் அந்த நனைந்த மாதிரியான ஆழம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் வெயிலிலும் மழையிலும் எனக்கு எட்டு வாரம் நிற்கிறது.

முதலில் கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே வேக்ஸ் பட்டால் வெள்ளைத் திட்டாக நின்று, பிறகு பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டிவரும். பஞ்சு வட்டை டின்னில் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பானட்டில் பாதிக்கு அது போதும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவோமே, வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் கல்லில் ஒரு இழுப்பு இழுப்பார்கள், அந்த அளவுதான். போட்டது தெரிகிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்க வேண்டும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். மேலே இருப்பதை எல்லாம் துடைத்துத்தான் எடுக்கப் போகிறோம், தடிமனாகப் போட்டால் துடைக்கும் கைக்குத்தான் வேலை, காருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

காய்வதற்கு டப்பாவில் ஐந்து நிமிடம் என்று போட்டிருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அதை நம்பாதீர்கள். விரலைச் சுத்தம் செய்துவிட்டு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு கலங்கலாக வந்தால் இன்னும் காயவில்லை. கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தால் துடைக்கலாம். இன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. இரண்டு பகுதி போடுங்கள், முதல் பகுதியைச் சோதித்துத் துடையுங்கள், அப்புறம் அடுத்தது.

துடைப்பதற்கு விளிம்புத் தையல் இல்லாத மைக்ரோஃபைபர் துணி. நாலாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் நிறைந்ததும் அடுத்த பக்கம். கடைசியில் கதவைத் திறந்து விளிம்பு, பெட்ரோல் மூடி, சின்னம் ஒட்டியிருக்கும் இடுக்கு, இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். கருநீலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விட்டாலும் ஊருக்கே தெரியும்.

மணி பதினொன்றே கால். இதோ பானட். மேலே இருக்கும் ட்யூப்லைட் ஓரம் கலையாமல் நேர்கோடாகத் தெரிகிறது. தண்ணீர் தெளிக்கிறேன், பாருங்கள், முத்து முத்தாக நிற்கிறது, கடுகு மாதிரி.

சந்தன வட்டத்துக்கு டார்ச் அடிக்கிறேன். இந்தக் கோணத்தில் ஒன்றும் இல்லை. இந்தக் கோணத்தில்... இதோ, பிறை மாதிரி ஒரு கால்வட்டம், மெல்லிசாக. இன்னும் நாலு நிமிடம் தேய்த்தால் அதுவும் போய்விடும். ஆனால் தேய்க்கப் போவதில்லை. அந்த இடத்தில் பூச்சு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது, 2033 வரைக்கும் அது வேண்டும். இருக்கட்டும். இந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பொட்டை முன்கண்ணாடியில் வைக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். விபூதியையும் அங்கேயே. சரி என்றார்கள்.