தொலைவில் இருப்பவரும் மாணவரே

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, நேர்முக வகுப்புகளுக்காகத் தம் நூலகத்தையே திறந்துவிட்டிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, இருக்கை போதாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் தொலைநிலைக் கல்வி மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். உடல்நலம் குன்றியிருந்தும் நெடுந்தொலைவு பயணம் செய்து இந்த அவையைச் சிறப்பிக்கும் தலைவர் அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி உரியது.

"இறைத்த கிணறு ஊறும், இறையாத கேணி நாறும்" என்பார்கள். அறிவும் அப்படித்தான், பகிரப் பகிரப் பெருகும். பதிப்புரிமைச் சட்டம், அது தொலைநிலை மாணவருக்கு வைத்திருக்கும் தடை, அத்தடையை நீக்கும் வழி ஆகிய மூன்றையும் இன்று பேச வந்திருக்கிறேன்.

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன் 52ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் ஜெராக்ஸ் கடை மீது மூன்று பெரும் பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் இந்த விலக்கை விரிவாகப் பொருள்கொண்டது. கற்பித்தல் என்பது வகுப்பறைச் சுவர்களுக்குள் முடிந்துவிடுவதன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆயினும் கற்பித்தலுக்கான அவ்விலக்கு நகலெடுத்தலைச் சொல்கிறதே தவிர, இணையவழியே அனுப்பிவைப்பதைச் சொல்லவில்லை. அங்கேதான் தொலைநிலை மாணவர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். பின்னலாடை நிறுவனமொன்றில் தையல் வேலை. நான் பரிந்துரைத்த நூலின் விலை அவருடைய ஒரு வார ஊதியத்தை விட அதிகம். நூலகத்தில் இருந்ததோ ஒரே படி, அதுவும் வெளியே எடுத்துச் செல்லத் தடை. பன்னிரண்டு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் கொடுத்தேன். அன்று கூடுதல் வேலை நேரம் என்பதால் அவரால் வர இயலவில்லை. எனவே அப்பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இட்டேன். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் என் கட்டைவிரலின் நிழல் விழுந்திருந்தது. மூன்றாம் நாள், வழக்கு வரும் என்று அஞ்சிய எங்கள் கல்வி மையத்தின் நிர்வாகம் அவற்றை நீக்கச் சொல்லி என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டது. அடுத்த ஞாயிறு அந்தப் பெண் ஒரு பழைய பில் புத்தகத்தை என் முன் விரித்தார். பன்னிரண்டு பக்கங்களையும் அதன் பின்புறத் தாள்களில் நீல மையால் எழுதி வைத்திருந்தார். ஓரங்களில் தையல் எந்திர எண்ணெய் படிந்திருந்தது. "படம் போயிடும்னு தோணுச்சு சார், பஸ்ஸுலயே எழுதிட்டேன்" என்றார். வகுப்பில் அமர்ந்திருந்தவருக்குக் கிடைத்த அதே தாள், வர இயலாதவருக்கு மட்டும் குற்றமாகிவிட்டதே!

இது திருத்த முடியாத குறையன்று. மாற்றுத்திறனாளிகளுக்காக 2012இல் கொண்டுவந்த திருத்தத்தில், நகலெடுத்தலோடு பொதுமக்களுக்கு அனுப்பிவைத்தலையும் நாடாளுமன்றமே சேர்த்து எழுதியது. அங்கு எழுதிய கை கற்பித்தலுக்கான விலக்கிலும் எழுதட்டும் என்பதே என் முதல் கோரிக்கை. அமெரிக்கா 2002லேயே தொலைநிலைக் கற்பித்தலுக்கெனச் சில நிபந்தனைகளோடு தனிச் சட்டம் இயற்றியது. அதன் விவரத்துக்குள் செல்ல நேரம் போதாது.

என் நெஞ்சில் கனலும் கோரிக்கை இன்னொன்று. அரசுப் பல்கலைக்கழகங்கள் மக்கள் வரிப்பணத்தில் எழுதச் செய்யும் பாடநூல்களை உரிமைப் பூட்டுப் போட்டு வைக்கக் கூடாது. பாரதியாரின் படைப்புரிமையை 1949இல் பெற்ற சென்னை மாகாண அரசு, பின்னர் அதை மக்களுக்கே பொதுவாக்கியது. அதன் பிறகு பாரதி குறைந்தாரா, பெருகினாரா? இறைத்த கிணறுதான் ஊறும். எழுதியவருக்கு உரிய ஊதியத்தை முன்கூட்டியே தந்துவிட்டு, பாடத்தை அனைவருக்கும் திறந்து விடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இவ்விரண்டையும் கேட்கும் மனு அரங்கின் வாயிலில், நூலகர் மேசையில் இருக்கிறது. சேர்க்கை எண்ணையும் எழுதி, ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். வணக்கம்.