தொகுதிப் பாடமும் நேரசூசியும்

அன்புக்குரிய பெற்றோரே, ஆசிரியர்களே,

பிள்ளைகள் தரம் 10இல் காலடி வைக்கப்போகும் நேரம் இது. இலங்கையில் தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மீதி மூன்றை, தொகுதிக்கு ஒன்றாக மூன்று தொகுதிகளிலிருந்து எடுக்க வேண்டும்.

முதல் தொகுதியில் வணிகமும் கணக்கீடும், புவியியல், குடியியல், இரண்டாம் மொழிச் சிங்களம் போன்றவை. இரண்டாவதில் கர்நாடக சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம். மூன்றாவதில் தகவல் தொழினுட்பம், விவசாயம், சுகாதாரமும் உடற்கல்வியும், மனைப்பொருளியல் என்று நீளும். சுற்றறிக்கையில் பட்டியல் பெரிது. பாடசாலைக்குள் வரும்போது அது ஏன் சுருங்கிப் போகிறது?

தொகுதிப் பாடவேளை வந்ததும் 10 ஏ, 10 பி இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் கலைந்து, எடுத்த பாடத்துக்கேற்ப வேறுவேறு அறைகளுக்குப் போகும். இரண்டாம் தொகுதியில் ஐந்து பாடம் நடத்த வேண்டுமென்றால் அதே 40 நிமிடத்தில் ஐந்து ஆசிரியர்களும் ஐந்து இடங்களும் வேண்டும். சங்கீத ஆசிரியருக்கு அந்த நேரம் தரம் 7இல் பாடம் போட்டிருந்தால், தரம் 10இல் சங்கீதம் இல்லை. ஆகவே நேரசூசி போடுபவர் தொகுதிப் பாடவேளைகளை முதலில் பூட்டிவிட்டுத்தான் மற்றவற்றை நிரப்ப வேண்டும். கட்டாயப் பாடங்களை முதலில் அடுக்கி, மிஞ்சிய இடுக்குகளில் தொகுதியைச் செருகினால், பாட விரும்பிய பிள்ளையிடம் தூரிகையைக் கொடுத்து அனுப்பத்தான் முடியும். இது அநியாயம் என்றே சொல்வேன்.

அதற்கு முன் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். தரம் 9 மூன்றாம் தவணையிலேயே ஒவ்வொரு தொகுதிக்கும் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் எழுதி வாங்குங்கள். 72 பிள்ளைகளில் 50 பேர் தகவல் தொழினுட்பம் கேட்டு, கணினி 15தான் வேலை செய்கிறது என்றால், ஒரு கணினிக்கு மூன்று பேருக்கு மேல். விசைப்பலகையைத் தொடாமலே பாடம் முடிந்துவிடும். அந்த 50ஐ இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும், அல்லது சிலரின் இரண்டாம் விருப்பத்துக்குப் போக வேண்டும். இது ஜனவரியில் தெரிந்து பயனில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "தொகுதிதானே, எதையாவது எடு" என்று சொல்லாதீர்கள். உயர்தரத்துக்குப் போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் குறைந்தது மூன்று 'சி' (திறமைச் சித்தி) ஆக இருக்க வேண்டும். கணிதத்திலும் தமிழிலும் விஞ்ஞானத்திலும் 'எஸ்' (சாதாரண சித்தி) மட்டுமே எடுக்கக்கூடிய பிள்ளைக்கு அந்த மூன்று 'சி'யும் பெரும்பாலும் தொகுதிப் பாடங்களிலிருந்துதான் வர வேண்டும். பிடித்த பாடத்தில் 'சி' எடுப்பது நடக்கக்கூடிய காரியம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த பாடத்தில் எடுப்பது கடினம்.

அழகியல் பாடங்களை இலேசு என்று நினைத்தும் சேர்க்காதீர்கள். சங்கீதம், நடனம், நாடகம் மூன்றுக்கும் எழுத்துத் தாளோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. இரண்டு ஆண்டு பயிற்சி இல்லாமல் கடைசி மாதத்தில் ஆடவும் வராது, பாடவும் வராது.

பாடம் மாற்றுவதென்றால் தரம் 10 முதலாம் தவணைக்குள் மாற்றிவிடுங்கள். மாறி வரும் பிள்ளைக்கு விடுபட்ட அலகுகள் எவை என்று புதிய பாட ஆசிரியர் எழுதிக் கொடுக்கட்டும்.